லிஃப்ட் அக்கா சொன்ன சாப்பாட்டுக் கடைகள்

ஆஸ்பத்திரி லிஃப்டுக்குள் வருகிறவரின் முகத்தை, அதை இயக்குகிற அக்கா பார்க்க மாட்டார், கையைத்தான் பார்ப்பார். காலி ஃபிளாஸ்க் என்றால் ஒரு கணக்கு, எக்ஸ்ரே உறை என்றால் ஒரு கணக்கு. ஒன்றுமே இல்லாமல் இரண்டு கையையும் மார்புக்குக் குறுக்கே கட்டிக்கொண்டு நின்றால் அது வேறு கணக்கு. பிறகு ஆள்காட்டி விரலை மடக்கி, முட்டியால் பொத்தானில் ஒரு குத்து. விரல் நுனியால் அழுத்தி நான் பார்த்ததே இல்லை. ஊர் மொத்தமும் தொடுகிற பொத்தான், அந்த விரலால்தானே நானும் சாப்பிட வேண்டும் என்பார். கதவு மூடியதும் முதல் கேள்வி, சாப்பிட்டாச்சா என்பதுதான்.

பெரிய நகரத்துக்குப் போனால் எங்கே சாப்பிடலாம் என்று பத்திரிகைகளில் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். மொட்டை மாடியில் மெழுகுவர்த்தி, சுவரில் ஓவியம், தட்டின் நடுவே ஒரு விரற்கடை உணவு. அதை எழுதுகிறவர்களை ஒரு நாளாவது அந்த ஆஸ்பத்திரி வாசலில் நிறுத்த வேண்டும். வெளியூரிலிருந்து பையும் பாயுமாக வந்து இறங்குகிற கூட்டத்தைப் பார்த்தபிறகு பேனாவைத் தொடட்டும். நானும் அப்படி வந்தவன்தான். அம்மாவுக்கு வயிற்றில் அறுவை சிகிச்சை. ஆறாம் மாடி, பதினெட்டாம் கட்டில், பதினேழு நாள்.

ஆறாம் மாடியிலிருந்து தரைக்கு வர நாற்பது விநாடி ஆகும். அதற்குள் அக்கா சொல்லி முடித்துவிடுவார். ஆனால் கடைக்குப் போகிற வழியை முதலில் சொல்ல மாட்டார்.

"திரும்பி வர்ற வழியை முதல்ல கேட்டுக்கோங்க. வரும்போது பச்சை பெயின்ட் அடிச்ச மருந்துக்கடை உங்க வலது கைப்பக்கம் இருக்கணும். இடது பக்கம் இருந்தா நீங்க வேற தெருவுல நிக்கறீங்க, அப்படியே திரும்பிடுங்க."

அதன் பிறகுதான் கடை. ஆபரேஷன் நடந்துகொண்டிருக்கிறவரின் ஆட்களுக்கு, வாசலில் பெயர் கூப்பிட்டால் காதில் விழுகிற ரொட்டிக்கடை. பிரசவ வார்டுக்காரர்களுக்குப் பின்தெருவில் சுடச்சுட சூப் கிடைக்கும் இடம். டாக்டர் தனியே கூப்பிட்டுப் பேசி அனுப்பியவர்களுக்கு மட்டும் ஒரு கடை வைத்திருந்தார். அங்கே மூலையில் சுவரைப் பார்த்தபடி ஒரு மேசை உண்டு. பரிமாறுகிறவர் இன்னும் கொஞ்சம் போடவா என்பதற்கு மேல் ஒரு வார்த்தை பேச மாட்டார்.

மேலே திரும்பும்போது விசாரணை. என்ன சாப்பிட்டீர்கள், முட்டை புதுசா, வயிறு சத்தம் போடுகிறதா என்று குடைந்துவிடுவார். ஒருவருக்கு வயிறு கெட்டாலும் அந்தக் கடை ஒரு மாதம் தள்ளிவைப்பு. அப்படித் தள்ளிவைக்கப்பட்ட ஒரு கடைக்காரர் தன் நியாயத்தைச் சொல்ல நாலு தடவை மேலும் கீழும் லிஃப்டிலேயே பயணம் செய்தார். அண்ணே, உங்களுக்கு எந்த மாடியில கோளாறு என்று அக்கா கேட்டதும் மூன்றாம் மாடியிலேயே இறங்கி, படி வழியாகப் போய்விட்டார்.

அக்காவும் இந்த ஊர் இல்லை. இருபத்திரண்டு வயதில், இயந்திரத்தில் கால் சிக்கிய அண்ணனோடு இதே கட்டடத்துக்கு வந்தவர். வெளியே போனால் திரும்பி வரத் தெரியாது என்ற பயத்தில் இரண்டு நாள் பிஸ்கட்டிலேயே ஓட்டியிருக்கிறார். மூன்றாம் நாள் தாங்க முடியாமல் வெளியே போய்ச் சாப்பிட்டுவிட்டு, வழி தவறி ஒன்றரை மணி நேரம் அலைந்திருக்கிறார். வந்து பார்த்தால் கட்டில் காலி. ஆபரேஷனுக்குக் கொண்டுபோகும்போது, தங்கச்சி எங்கே, தங்கச்சி எங்கே என்று அண்ணன் கேட்டுக்கொண்டே போனாராம். அண்ணன் பிழைத்தார், ஊன்றுகோலோடு நடந்தார். ஆனாலும் அன்று எங்கே போயிட்டே என்று இன்றுவரை கேட்கிறாராம். அக்கா இங்கேயே துப்புரவு வேலைக்குச் சேர்ந்து, தண்ணீர் மோட்டாருக்குக் கம்பி சுற்றுகிறவரைக் கட்டிக்கொண்டு, ஒரு மகளைப் பெற்று, பதினோரு வருஷமாக லிஃப்டில் இருக்கிறார். ஊருக்கே கடை காட்டுகிறவள் வீட்டில் என்ன சமைக்கிறாள் என்று வந்து பாருங்கள், அப்போது தெரியும் ஏன் கடை காட்டுகிறாள் என்று என்பது அவர் கணவரின் புகார். அதையும் அக்காவே சொல்லிச் சிரிப்பார்.

நாங்கள் போன முதல் வாரத்தில்தான் தரைத்தளத்தில் கண்ணாடிக் கதவு போட்ட உணவுக்கூடம் திறந்தார்கள். அங்கே மனிதரிடம் சோறு கேட்க முடியாது. திரையைத் தொட்டுத் தேர்ந்தெடுக்க வேண்டும், டோக்கனை எடுத்துக்கொண்டு, எண் வரும்வரை நிற்க வேண்டும். வயலிலிருந்து நேரே வந்தவர் அந்தத் திரையின் முன் தேர்வு எழுதுகிற பிள்ளை மாதிரி முழித்துக்கொண்டு நிற்பார். யாருக்காக அதை வைத்தார்கள் என்று எனக்கு இன்னும் புரியவில்லை. கடைசியில் கிடைப்பதோ, எப்போதோ செய்து, மேலே மட்டும் சூடு காட்டிய பண்டம்.

நிர்வாக அதிகாரிக்கு ஊழியர்கள் வைத்த பெயர் "டை". எந்த வெயிலிலும் கழுத்தில் டையைக் கழற்ற மாட்டார். சாப்பாடு எங்கே என்று யார் கேட்டாலும் தரைத்தளம் என்று மட்டுமே சொல்ல வேண்டும், மீறினால் வேலை இருக்காது என்று அவர் சுற்றறிக்கை அனுப்பினார். அக்கா மூன்று நாள் வாயைக் கட்டிக்கொண்டு கீழேயே இருக்கு என்று மட்டும் சொன்னார்.

நாலாம் நாள், நாலாம் மாடியில் மனைவியைச் சேர்த்திருந்த பெரியவர் ஒருவர் கேட்டார். சர்க்கரை மாத்திரை போட்டாயிற்று, உடனே எதையாவது சாப்பிட வேண்டும் என்றார். அக்கா கீழேயே இருக்கு என்றார். முக்கால் மணி நேரம் கழித்து அவர் திரும்பி வந்தபோது சட்டை முழுக்க வியர்வை. கையில் டோக்கன் சீட்டு அப்படியே இருந்தது. லிஃப்டுக்குள் கால் வைத்ததும் அக்காவின் ஸ்டூலைப் பிடித்தபடி சரிந்தார். நர்ஸ் ஓடிவந்து சர்க்கரைத் தண்ணீர் கொடுத்து உட்காரவைத்தார். பிழைத்துக்கொண்டார்.

அக்காவின் முகம் அப்படிச் சிவந்து நான் பார்த்ததில்லை. "என் வாயாலதான் அனுப்பினேன். சுற்றறிக்கைக்கு மயக்கம் வருமா? மனுஷனுக்குத்தானே வரும்?" என்றார், என்னைப் பார்த்து. நான் தலையை ஆட்டினேன்.

அன்று மதியமே பச்சை மருந்துக்கடை திரும்பி வந்துவிட்டது. மூன்று நாள் பாக்கியையும் சேர்த்துச் சத்தமாகவே சொன்னார். லிஃப்டில் என்னோடு வந்த இரண்டு பெண்களுக்கு அவர் வழி சொல்லிக்கொண்டிருந்தபோது, ஐந்தாம் மாடியில் டை ஏறினார். முழுவதையும் கேட்டுக்கொண்டே வந்தார். தரையில் அந்தப் பெண்கள் இறங்கிப் போகும்வரை பொறுத்து, பிறகு கேட்டார்.

"சுற்றறிக்கை படிச்சீங்களா?"

"படிச்சேன் சார்."

"அப்புறம்?"

"நீங்க மத்தியானம் எங்க சார் சாப்பிடறீங்க?"

"எனக்கு வீட்லேருந்து வருது."

"ஒரு வாரம் கீழ சாப்பிட்டுப் பாருங்க சார். உங்க வயிறு என்ன சொல்லுதோ, அதையே நானும் எல்லார்கிட்டயும் சொல்லிடறேன்."

டை என் பக்கம் திரும்பினார். நோயாளியின் ஆள் நான். நான் சொன்னால் எடுபட்டிருக்கும். பெரியவர் விழுந்ததைச் சொல்லியிருக்கலாம், டோக்கன் சீட்டைச் சொல்லியிருக்கலாம். கதவுக்கு மேலே ஒளிர்ந்த மாடி எண்ணை நான் படித்துக்கொண்டிருந்தேன். அது பூஜ்யத்திலேயே நின்றிருந்தது.

ஐந்து நாள் கழித்து அம்மாவை வீட்டுக்கு அழைத்து வந்தோம். இரண்டு வாரம் கழித்துத் தையல் காயத்தைக் காட்டப் போனபோது லிஃப்டில் ஸ்டூல் இல்லை. கூரையிலிருந்து ஒரு பெண் குரல், பதிவு செய்தது, தரமான உணவகம் தரைத்தளத்தில் உள்ளது என்று ஒவ்வொரு மாடியிலும் சொன்னது. எங்களோடு ஏறிய ஒருவர் அந்தக் குரலிடமே, கஞ்சி கிடைக்குமாம்மா என்று கேட்டார். யாரும் சிரிக்கவில்லை.

ஸ்ட்ரெச்சர் தள்ளுகிற அண்ணனைப் பிடித்துக் கேட்டேன். விசாரணை வைத்து அனுப்பிவிட்டார்கள் என்றார். சும்மா அனுப்ப முடியாதாம். நோயாளி தரப்பிலிருந்தே எழுத்தில் புகார் வந்ததாம்.

வீட்டுக்கு வரும்வரை பஸ்ஸில் நான் கொதித்தேன். மேலதிகாரி செய்தால் அது அவன் உத்தியோகம். அந்த அக்கா சொன்ன கடையில் சாப்பிட்டுவிட்டு, அவர் சொன்ன வழியில் பத்திரமாகத் திரும்பி வந்து, அவர் மேலேயே புகார் எழுதிக் கொடுத்தவன் எப்பேர்ப்பட்ட பிறவி? மனசுக்குள் அவனுக்கு நாலு பக்கக் கடிதம் எழுதினேன். அம்மாவுக்குக் குரல் இன்னும் முழுதாக வரவில்லை. ஆனாலும், "அவன் நல்லா இருப்பானா?" என்றாள் அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு.

மூன்று மாதம் கழித்து, கடைசித் தடவை காட்டப் போனபோதுதான் அதே அண்ணன் மீதியைச் சொன்னார். வீட்டுக்கு அனுப்புகிற நாளில் கவுன்ட்டரில் நீட்டிய காகிதங்களில், பெருக்கல் குறி போட்ட இடங்களில் எல்லாம் நான் கையெழுத்துப் போட்டிருந்தேன். அதில் ஒன்று, முன்பே தட்டச்சு செய்யப்பட்ட கருத்துப் படிவம்: லிஃப்ட் ஊழியர் எங்களை வெளிக்கடைகளுக்கு அனுப்பி அலைக்கழித்தார். ஆறாம் மாடி, பதினெட்டாம் கட்டில் என்று விசாரணையில் டை அதை அக்காவிடமே படித்துக் காட்டினாராம். "அந்தத் தம்பி எழுதியிருக்காது சார், அதுக்கு வாயே கிடையாது" என்று அக்கா சொல்லியிருக்கிறார்.