தூங்குற பிள்ளையை எழுப்பாதே!

ஜூன் 14, சனிக்கிழமை. வழக்கம்போல ஐந்து மணிக்கு எழுந்தேன். மோட்டார் போட்டேன். தொட்டி நிறைந்து வழிவதற்கு முன்பே நிறுத்தினேன். காபி. பிறகு பேப்பர் – முதல் பக்கத்தில் தொடங்கி வரிசையாக. நடுப்பக்கத்தை உருவிக்கொண்டு போகிறவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது என்பது இந்தப் பத்தியைப் படிக்கிற உங்களுக்குத் தெரியும். அப்புறம் காரைத் துடைத்தேன். டயர் காற்று முந்தைய நாளே பார்த்தாகிவிட்டது.

ஆறரைக்குக் கிளம்ப வேண்டும். டி. கல்லுப்பட்டி தாண்டி எங்கள் குலதெய்வம் கோயில். என் தங்கை தேன்மொழியின் மகள் மித்ராவுக்கு மொட்டை, காதுகுத்து. மித்ராவுக்கு இரண்டரை வயது. தாய்மாமன் நான். என் மடியில் வைத்துத்தான் காது குத்த வேண்டும். ஒன்பதுக்கு ராகு காலம் ஆரம்பம். அதற்குள் முடித்தாக வேண்டும்.

எல்லாம் சரியாக இருந்தது... தேன்மொழி அந்தக் கார் சீட்டைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வரும் வரை.

தேன்மொழி ஸ்வீடனில் இருக்கிறாள். கணவருக்கு லீவு கிடைக்காததால் மகளோடு தனியாக வந்திருந்தாள். விமானத்தில் சென்னை, அங்கிருந்து ரயிலில் மதுரை. இரண்டு பெட்டிகளோடு குழந்தைகளுக்கான கார் சீட் ஒன்றும் வந்தது. சின்ன சோபா அளவுக்கு இருந்தது. வந்த நாளிலிருந்து அது எங்கள் ஹாலில் கிடந்தது. துவைத்த துணிகளை மடித்து வைக்க வசதியாக இருந்தது என்று நினைக்கிறேன். காரில் போகிற வேலை அன்றைக்குத்தான் முதல் முறையாக வந்தது.

"அண்ணே, இத மாட்டிட்டுத்தான் கிளம்பணும்."

மாட்டலாமே. அதில் என்ன இருக்கிறது? பின்சீட் பெல்ட்டை இழுத்தேன். வந்தது. அதன் நாக்கைச் செருகுவதற்கு இடத்தைத் தேடினேன். நாக்கு இருக்கிறது... வாய் எங்கே?

தடவிப் பார்த்தேன். சீட் கவருக்கு அடியில், முதுகும் இருக்கையும் சேரும் மூலையில், கட்டி கட்டியாக ஏதோ தட்டுப்பட்டது. பக்கிள்!

கார் வாங்கிய வாரமே கவர் தைக்கக் கொடுத்தேன். ஒரு சுருக்கம் இருக்கக் கூடாது, ஒன்றும் துருத்திக்கொண்டு தெரியக் கூடாது என்று பக்கத்தில் நின்று சொன்னவன் நானேதான். சொன்னபடியே தைத்துக் கொடுத்தார்கள். மூன்று பக்கிளையும் உள்ளே தள்ளி மூடிவிட்டார்கள். இத்தனை வருடம் பின்சீட்டில் எத்தனையோ பேர் வந்தார்கள். ஒருவர்கூட 'பெல்ட் எங்கே?' என்று கேட்டதில்லை. நானும் கேட்டுக்கொண்டதில்லை. உங்கள் காரில் ஒரு தடவை கையை விட்டுப் பாருங்களேன்...

குழந்தைகளைப் பாதுகாப்பாக உட்கார வைக்க வேண்டும் என்று சட்டம் இங்கேயும் இருக்கிறது. அதுவும் கவருக்கு அடியில்தான் இருக்கிறது.

கத்தரிக்கோல் எடுத்து வந்தேன். அழகாகத் தைத்த கவரை அறுக்கக் கை வரவில்லை. அறுத்தேன்.

அதற்குள் சித்தப்பா வந்துவிட்டார். எங்கள் குடும்பத்தில் இப்போது மூத்தவர். எந்த விசேஷமும் அவர் இல்லாமல் நடக்காது. முன்சீட் அவருடையது. தேன்மொழி சீட்டைப் பொருத்திய விதத்தைப் பார்த்தவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கிட்டே வந்தார்.

"ஏத்தா, என்ன பின்னாடி பாத்து மாட்டுற?"

"இப்படித்தான் சித்தப்பா மாட்டணும். பிரேக் அடிச்சா சின்னப் பிள்ளைக்குத் தலை முன்னாடி போயிரும், கழுத்து தாங்காது. இப்படி இருந்தா முதுகு முழுக்கத் தாங்கிக்கிரும். அங்க நாலு வயசு வரைக்கும் இப்படித்தான் வச்சிருப்பாக."

"குலசாமி கோயிலுக்கு முதுகைக் காட்டிக்கிட்டுப் போற மொதப் பிள்ளை இதுதான். சாமி யாரு வந்திருக்கான்னே தெரியாம முழிக்கப் போகுது."

சீட் பின்னால் பார்த்தபடி இருப்பதால் இடம் நிறைய வேண்டும். சித்தப்பாவின் சீட்டை முன்னால் நகர்த்தினோம்.

"எம்புட்டுத்தான் தள்ளுவ? என்னைய பானட் மேல உக்கார வச்சிட்டுப் போங்களேன்!"

என் மனைவி சாந்திக்கு வேறு கவலை. "பெத்தவ நீ பக்கத்துல இருக்க. அத்தை நான் ஒருத்தி மடிய வச்சுக்கிட்டுச் சும்மா இருக்கேன். பிள்ளைய இப்படி நாற்காலில கட்டிப் போட்டுட்டுப் போனா பாக்குறவுக என்ன சொல்வாக தேனு?"

"அங்க மடியில வச்சுக்கிட்டுப் போனாத்தான் மதினி பாக்குறவுக போலீஸைக் கூப்பிடுவாக."

மித்ரா பிறந்த கதையை அப்போதுதான் சொன்னாள். டிஸ்சார்ஜ் ஆன அன்று நர்ஸ் கேட்ட கேள்வி, 'கார் சீட் கொண்டு வந்திருக்கிறீர்களா?' என்பதுதானாம். எங்கள் மகன் பிறந்தபோது எங்களிடம் யார் என்ன கேட்டார்கள்? ஆட்டோவில் செல்லூர் வீடு வரை மூன்று பெண்கள் மடி மாற்றி மடி மாற்றித் தூக்கி வந்தார்கள். முதலில் யார் மடியில் வருவது என்பதில் சின்ன மனஸ்தாபம்கூட உண்டு.

யோசித்துப் பார்த்தால்... அந்த ஊரில் பிள்ளையை மடியில் வைத்தால் அக்கறை இல்லாதவர்கள். இந்த ஊரில் மடியிலிருந்து இறக்கினால் அக்கறை இல்லாதவர்கள். அக்கறை இரண்டு ஊரிலும் ஒன்றுதான். அதை எங்கே உட்கார வைக்கிறோம் என்பதுதான் வேறு.

ஏழு மணிக்குக் கிளம்பினோம். அரை மணி நேரம் லேட். என் வாழ்க்கையில் அது பெரிய விஷயம். சித்தப்பா முன்னால் பெல்ட் போட்டுக்கொண்டார், டோல்கேட் போலீஸுக்குப் பயந்து. பின்னால் தேன்மொழி நடுவில். அவளும் போட்டுக்கொண்டாள். சாந்தி என் சீட்டுக்குப் பின்னால். "பட்டுச் சேலை கசங்கிரும்" என்று மறுத்துவிட்டாள்.

மித்ரா? அவள் சீட்டில் ஏறியதும் தானே இரண்டு கையையும் தூக்கிக்கொண்டாள், வாரை மாட்டிவிடச் சொல்லி. போகும் வழியெல்லாம் பின் கண்ணாடியில் ஓடிய மரங்களோடு ஏதோ பேசிக்கொண்டே வந்தாள்.

கோயிலில் எல்லாம் நேரத்துக்கு நடந்தது. மொட்டைக்கு அவள் அழவில்லை. ஆசாரி முதல் காதில் குத்தியபோதுதான் அழ ஆரம்பித்தாள். என் சட்டையைப் பிடித்துக்கொண்டு, என்னை நம்பி ஏமாந்துவிட்டது போல ஒரு பார்வை பார்த்தாள் பாருங்கள்... மாமன் பதவி லேசானதல்ல.

சிக்கல் திரும்பும்போது வந்தது.

காது இரண்டும் சிவந்திருந்தன. அந்த சீட்டில் தலைக்கு இரண்டு பக்கமும் காது மடல் மாதிரி தடுப்பு உண்டு. தலையைத் திருப்பினால் உரசும். உரசினால் அலறல். கல்லுப்பட்டி தாண்டுவதற்குள் கார் முழுக்க அழுகைதான். தேன்மொழி ஊதிப் பார்த்தாள், பாட்டுப் பாடிப் பார்த்தாள். ஒன்றும் நடக்கவில்லை.

"புண்ணு பட்ட காதைப் போட்டு இப்படி உரச விடுறியே, நீயெல்லாம்..." என்று ஆரம்பித்த சாந்தி பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

ஒரு டீக்கடை ஓரம், புளியமர நிழலில் வண்டியை நிறுத்தினேன். "அழுகை நிக்கட்டும். அப்புறம் போவோம்."

மித்ராவை அவிழ்த்து சாந்தி மடியில் வைத்தோம். டாக்டர் முன்கூட்டியே எழுதிக் கொடுத்திருந்த வலி மருந்தைத் தேன்மொழி புகட்டினாள். நானும் சித்தப்பாவும் டீ குடித்தோம். திரும்பி வந்தபோது மித்ரா தூங்கியிருந்தாள். சந்தனம் பூசிய மொட்டைத் தலை சாந்தியின் தோளில் சாய்ந்திருந்தது. பட்டுச் சேலை முழுக்கச் சந்தனம். சாந்தி அதைப் பற்றிக் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

தேன்மொழி கையை நீட்டினாள்.

"தூங்குற பிள்ளைய எழுப்பாத தேனு" என்றாள் சாந்தி குரலைத் தாழ்த்தி. "இப்பத்தான் கண்ணை மூடியிருக்கு. கப்பலூர் தாண்டினா வீடு. நான் கெட்டியா பிடிச்சுக்கிறேன்."

"அதானே" என்றார் சித்தப்பா. "ஒரு அரை மணி நேரத்துல என்ன ஆகப் போகுது?"

தேன்மொழி என்னைப் பார்த்தாள். அழுது அழுது ஓய்ந்த பிள்ளையின் முகத்தைப் பார்த்தாள். அவளுடைய கை மெதுவாகக் கீழே இறங்கியது.

நான் என்ன செய்தேன்? சாவியைத் திருகினேன். வண்டி ஸ்டார்ட் ஆனது.

"அண்ணே... இருண்ணே."

தேன்மொழிதான். "மன்னிச்சுக்கங்க மதினி" என்று சொல்லிக்கொண்டே பிள்ளையைத் தூக்கினாள். மித்ரா விழித்தாள், சிணுங்கினாள், வீறிட்டாள். தேன்மொழியின் கண்ணிலும் தண்ணீர். ஆனால் வார்களை ஒவ்வொன்றாக இழுத்து மாட்டினாள். அப்புறம் தன் உள்ளங்கையைக் குழித்து, மித்ராவின் காதுக்கும் அந்தத் தடுப்புக்கும் நடுவே, தொடாமல், அணைப்பாக வைத்துக்கொண்டாள். கொஞ்ச தூரத்தில் மித்ரா மறுபடியும் தூங்கிப்போனாள்.

சாந்தி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அந்தத் திரும்பலுக்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். இரவு சாப்பாட்டு நேரம் வரை தாங்கும்.

திருமங்கலம் போனது. கப்பலூர் வந்தது. கம்பெனிகள் இருக்கும் பக்கமிருந்து ஒரு லோடு வேன், சிக்னல் இல்லை, ஹாரன் இல்லை... ரோட்டின் குறுக்கே அப்படியே வந்து நின்றது.

பிரேக்கில் ஏறி நின்றேன் என்றுதான் சொல்ல வேண்டும். டயர் கத்தியது. என் சீட்டின் முதுகில் யாரோ இடித்துத் தள்ளியது போல ஒரு அடி. சித்தப்பாவின் கண்ணாடி பறந்து போய் டாஷ்போர்டில் விழுந்தது. வேனுக்கும் எங்களுக்கும் நடுவே ஒரு ஆள் படுக்கலாம். அவ்வளவுதான்.

ரியர்வியூ கண்ணாடியைப் பார்த்தேன். சீட்டின் ஓடுதான் தெரிந்தது. பின்னால் பார்த்து உட்கார்ந்திருக்கும் பிள்ளையின் முகம் எப்படித் தெரியும்? அழுகைச் சத்தமும் இல்லை. அழுதாலாவது...

"தேனு?"

அவள் குனிந்திருந்தாள்.

"தேனு... பிள்ளை?"

"தூங்குறாண்ணே" என்றாள். "உதட்டை மட்டும் சப்புறா. எந்திரிக்கவே இல்லண்ணே."

"எப்பா சாமீ..." என்றார் சித்தப்பா. கண்ணாடியைத் தேடி எடுத்து, துடைக்காமலே போட்டுக்கொண்டார். வேன்காரர் கையைக் கூப்பிக் காட்டிவிட்டுப் போனார். திட்டுவதற்குக்கூட எங்களிடம் தெம்பு இல்லை. வண்டியை ஓரம் கட்டினேன்.

சாந்தியைத் திரும்பிப் பார்த்தேன். அவளுடைய இரண்டு கைகளும் என் சீட்டைப் பிடித்தபடியே இருந்தன. விரல்கள் வெளுத்துப்போய்விட்டன. அந்தக் கைகளை அவள் வேறு யாருடையதையோ பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் இதைப் பிடிக்கணும்னு நினைக்கவே இல்லங்க" என்றாள். "அதுவா போயிருச்சு."

பிடியை விடாமலே, "பிள்ளை என் மடியில இருந்திருந்தா?" என்றாள். "அப்பயும் கை இங்கதான வந்திருக்கும்?"

தேன்மொழி அவள் தோளில் கை போட்டாள். "எனக்கும் அப்படித்தான் மதினி வந்திருக்கும். யாருக்குமே பிடிக்க வராது. அதான் இத விமானத்துல தூக்கிட்டு வந்தேன்."

சாந்தி அழுதாள், சிரித்தாள், இரண்டையும் சேர்த்துச் செய்தாள். சித்தப்பா முன்சீட்டிலிருந்து கழுத்தைத் திருப்பி, "ஏத்தா, என் சீட்டை வேணும்னா இன்னும் ரெண்டு இஞ்சு முன்னாடி தள்ளிக்க. பிள்ளைக்குத் தாராளமா இருக்கட்டும்" என்றார். முழங்கால் ஏற்கெனவே டாஷ்போர்டில் முட்டிக்கொண்டிருந்தது.

வீட்டுக்கு வந்து காரை நிறுத்திய பிறகுதான் மித்ரா கண் விழித்தாள். அத்தையைப் பார்த்து இரண்டு கையையும் தூக்கினாள். சாந்தி அவளை இறக்கித் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள். அன்றைக்கு இரவு வரை யாரிடமும் கொடுக்கவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

படுக்கும்போதுதான் சாந்தியின் வலது மணிக்கட்டு வீங்கியிருப்பதைக் கவனித்தேன். சீட்டைப் பிடித்த வேகம்.

மறுநாள் ஞாயிறு காலை, பேப்பரைக்கூடப் பிரிக்காமல், முதல் வேலையாக அவளை டாக்டரிடம் அழைத்துப் போனேன். காரில் ஏறினாள். ஒரு கையால் பெல்ட்டை இழுத்துப் பார்த்தாள், முடியவில்லை. நான் குனிந்து மாட்டிவிட்டேன்.

கல்யாணமாகி இருபத்திரண்டு வருடத்தில் இதுதான் முதல் முறை. அப்படி ஒன்றும் கஷ்டமாக இல்லை!