ஜாபர் மச்சான் சாகவிடாத கிளப்

ஜாபர் பாய் செத்த சேதி அவர் நம்பரிலிருந்தே வந்தது. காலை வெளுக்கும் நேரத்தில் எங்கள் கெடிலக்கரை கால்பந்துக் கழகத்தின் வாட்ஸ்அப் குழுவுக்கு அவர் நம்பரிலிருந்து ஒன்று வந்தால், அது செர்பியா தேசத்தில் ஏதோ ஒரு சின்ன ஊர் கிளப் முந்தின நாள் விளையாடிய மேட்ச் விவரமாகத்தான் இருக்கும். பெரும்பாலும் தோற்றிருப்பார்கள். நாங்கள் யாரும் படிப்பதில்லை. பதில் போடாவிட்டால் போன் செய்து "பாத்தியா?" என்று உயிரை எடுப்பார் என்பதால், கட்டை விரல் பொம்மை ஒன்றைப் போட்டுவிட்டு அவரவர் வேலையைப் பார்ப்போம்.

அன்றும் போட்டோம். முதல் விரல் என்னுடையது. பின்னாலேயே வரிசையாக மற்றவர்கள். கொஞ்ச நேரத்தில் அவர் மகன் இலியாஸ் கூப்பிட்டான்.

"மாமா, எல்லாரும் சூப்பருன்னு விரலப் போட்டிருக்கீங்களே, படிச்சிட்டுத்தான் போட்டீங்களா?"

அப்புறம்தான் படித்தேன். 'அத்தா ராத்திரி மவுத்தாயிட்டாங்க. லுஹர் தொழுகைக்கு அப்பறம் அடக்கம்.' உலகத்தில் எந்த மனுஷன் சாவுக்கும் இப்படி ஒரு மரியாதை நடந்திருக்காது. இதற்கும் காரணம் அவர்தான்.

இதைப் படிக்கும் நீங்கள் எல்லாரும் அவரைத் தெரிந்தவர்கள். அதனால் அவர் பண்பாளர், பழகுவதற்கு இனியவர் என்றெல்லாம் எழுதி உங்களைச் சிரிக்கவைக்கப் போவதில்லை. தொல்லை பிடித்த மனுஷன். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான்; மஞ்சக்குப்பத்தில் முந்திரிக் கடை வைத்திருக்கிறேன். என்னை இப்படி உட்கார்ந்து எழுதவைத்திருக்கிறாரே, இதிலிருந்தே தெரியவில்லையா?

அந்தச் செர்பியா வியாதி அவருக்கு வளைகுடாவில் தொற்றியது. அங்கே கப்பல் ரிப்பேர் செய்யும் பட்டறையில் வெல்டராக இருந்தார். மேஸ்திரி மிலோஷ் என்று ஒரு செர்பியாக்காரன். வெயிலுக்கு ஒதுங்கும் நேரமெல்லாம் தன் ஊர் கிளப்பின் கதையைச் சொல்வானாம். அவன் சொன்னது இவருக்கு, இவர் சொல்வது எனக்கு. அதுவும் என் கடையில், வியாபாரம் சூடாக இருக்கும் நேரமாகப் பார்த்து.

"நம்ம நெல்லிக்குப்பம் சைஸு ஊருதான் மச்சான். அங்கயும் சக்கர ஆலை. ஆலைக்காரங்க ஆரம்பிச்ச கிளப்பு. சண்ட வந்தப்ப பட்டாளத்தான் வந்து கிரவுண்டுல குதிரையக் கட்டிட்டான்."

"யோவ், அரைக் கிலோ கேட்டு அந்தம்மா நிக்கிறாங்க."

"நிக்கட்டும். சண்ட முடிஞ்சதும் ஊரே மண்ணு சொமந்து கிரவுண்ட சரி பண்ணுச்சு. படிப்படியா ஏறி, தலைநகரத்து டீமயே அடிச்சான். கப்பு வாங்குனான். வெளிநாட்டுக்காரன்லாம் அந்தச் சின்ன ஊருக்கு வந்து ஆடுனான். அப்பறம் தேசமே துண்டு துண்டாப் போச்சு. ஆலைய மூடிட்டான். நல்ல ஆட்டக்காரன்லாம் போயிட்டான். கீழ, கீழ, கீழ எறங்கி ஒரு நாளு கிளப்பு பேரயே அடிச்சிட்டான்."

"முடிஞ்சுதுல்ல? வுடு."

"எங்க முடிஞ்சுது? ஊர்க்காரங்க கூடி அதே சட்டையப் போட்டுக்கிட்டு, எல்லாத்துக்கும் கீழ இருக்கற லீக்குல மறுபடி ஆரம்பிச்சாங்க. சோளக்கொல்ல ஓரமா ஆட்டம். மாடு குறுக்க வருமாம். இன்னிக்கும் ஆடறான் மச்சான்!"

அந்தம்மா இதற்குள் அடுத்த கடைக்குப் போயிருப்பார். செர்பியாவில் ஒரு கிளப் பிழைத்ததில் மஞ்சக்குப்பத்து முந்திரிக் கடைக்காரன் பிழைப்பு கெட்டது.

எங்கள் கிளப்புக்கும் ஒரு காலம் இருந்தது. மஞ்சக்குப்பம் மைதானத்தில் எங்கள் ஆட்டம் என்றால் ஆபீஸ்காரர்கள் சைக்கிளைப் போட்டுவிட்டு நின்று பார்ப்பார்கள். அண்ணாமலை நகருக்குப் போய் அங்கே யுனிவர்சிட்டியில் படிக்கிற பையன்களைத் தோற்கடித்துவிட்டு, பஸ்ஸில் ஊர் வரும்வரை கத்திக்கொண்டு வந்திருக்கிறோம். பிறகு கிரிக்கெட் வந்தது. கால் நன்றாக ஓடுகிறவனெல்லாம் துபாய்க்கு ஓடினான். பொருட்காட்சிக்கு ராட்டினம் நட்ட குழியை மூடாமல் விட்டதில் எங்கள் சென்டர் பார்வர்டின் முட்டி போனது. ஜாபர் வளைகுடாவை முடித்துக்கொண்டு வந்தபோது கிளப்பில் மிச்சமிருந்தது ஒரு வலையும், அதை யார் வீட்டில் வைப்பது என்கிற சண்டையும்தான். வலையை அவர் வீட்டுக்கு எடுத்துப் போனார். கூடவே செக்ரட்டரி பதவியையும் எடுத்துக்கொண்டார். கேட்டு வாங்கவில்லை. மறுக்க ஆளில்லை.

ஆட்டத்தின் சட்டம் உங்களுக்குத் தெரியும். பதினொரு பேர் வேண்டும் என்றாலும், ஏழு பேர் இருந்தால் மேட்ச்சை ஆரம்பிக்கலாம். இந்த ஒரு சட்டத்தைப் பிடித்துக்கொண்டு அவர் பண்ணிய அக்கிரமம் கொஞ்சமல்ல. "தோக்கறதுக்குக்கூட ஏழு பேரு வேணும் மச்சான்" என்பார். ஒரு முறை அண்ணாமலை நகர் மேட்ச்சுக்கு ஆட்டக்காரர்கள் ஆறு பேர்தான் பஸ் ஏறினார்கள்; துணைக்கு நானும் அவரும். ஏழாவது ஆள் சிதம்பரத்தில் ஏறுவான் என்றார். இறங்கிப் பார்த்தால் ஒருவனும் இல்லை. பையிலிருந்து ஒரு சட்டையை எடுத்து என் மேல் போட்டார்.

"எனக்கு அறுவது தாண்டிடுச்சுய்யா!"

"கோல்கீப்பரு ஓட வேணாம் மச்சான். சும்மா நில்லு. பந்து வந்தா கும்புடு போடு, போயிடும்."

போனது. எத்தனை முறை போனது என்று எழுத மாட்டேன். ஆட்டம் முடிந்து மூச்சு வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தவனை எழுப்பினார். செர்பியாவில் தோற்றாலும் ஜெயித்தாலும், பார்க்க வந்தவர்களிடம் போய் ஆட்டக்காரர்கள் எல்லாரும் கைதட்ட வேண்டுமாம். பார்க்க வந்தவர் என்று யாருமே இல்லை. சுவருக்கு அந்தப் பக்கம் லாட்ஜ் மாடியில் ஒரு பையன் லுங்கியைப் பிழிந்து காயப்போட்டுக் கொண்டிருந்தான். ஏழு பேரும் வரிசையாக நின்று அவனைப் பார்த்துக் கைதட்டினோம். அவன் பயந்துபோய் உள்ளே ஓடிக் கதவைச் சாத்திக்கொண்டான்.

அவர் மகள் நிக்காஹ் அன்றும் மேட்ச் இருந்தது. சாப்பாட்டுப் பந்தி நடக்கும்போது மனுஷனைக் காணோம். தால்ச்சா வாளியோடு நின்ற பையன் ஒருவனையும் காணோம். வாளி மட்டும் நாற்காலி மேல் இருந்தது. அவர் மனைவி நூர்ஜஹான் என்னைத் தேடி வந்தது.

"கலியண்ணே, உங்க மச்சான் எங்க? சம்பந்தி வீட்ல கேக்கறாங்க."

"பாத்ரூம் போயிருக்காருன்னு சொல்லும்மா."

"ஒரு பந்தி முடிஞ்சி அடுத்த பந்தியும் ஒக்காந்தாச்சுண்ணே. அப்படி என்ன பாத்ரூம்?"

சாயங்காலம் வேட்டியெல்லாம் புழுதியோடு வந்தார். மாப்பிள்ளையின் அப்பா முறைத்துக்கொண்டு எதிரில் நின்றார். இவர் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒண்ணுக்கு ஒண்ணு, டிரா" என்றார். அந்த மனுஷருக்கு என்ன விளங்கியதோ, "மாஷா அல்லாஹ்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

இப்படிப்பட்டவரின் அடக்கத்துக்குத்தான் அன்று எல்லாரும் போனோம். கைக்குட்டையைத் தலையில் கட்டிக்கொண்டு மூன்று பிடி மண் போட்டுவிட்டு, அவர் வீட்டு வாசல் பந்தலில் டீ குடித்துக்கொண்டிருந்தோம். சாயங்காலம் என் போன் அடித்தது. லீக் நடத்துகிறவர்.

"சார், ரெப்ரி வந்துட்டாரு. உங்க டீம காணமே?"

"எங்க செக்ரட்டரி எறந்துட்டாருங்க."

"அய்யய்யோ! அவர்தான சார் முந்தாநாளு போன் போட்டு, எடி விழுந்தாலும் மேட்ச்ச தள்ளி வெக்காதீங்கன்னாரு? இப்ப நான் என்ன சார் பண்றது? மேட்ச்ச எதிர் டீமுக்குக் குடுத்துடறேன். அடுத்த ஞாயித்துக்கெழமயும் வரலன்னா லீக்குலருந்து பேர எடுத்துடுவாங்க."

சுற்றிப் பார்த்தேன். பந்தலில் எங்கள் ஆட்டக்காரர்கள் அத்தனை பேரும் இருந்தார்கள். பதினொன்றும் இருந்தது, மாற்று ஆட்களும் இருந்தார்கள். பல வருடமாக ஒரே இடத்தில் சேராத கூட்டம், சேர்ந்தது கபர்ஸ்தானில். மதியமே அடக்கம் முடிந்துவிட்டது. எழுந்து நேரே பஸ் ஏறியிருந்தால் நிம்மதியாகப் போய்ச் சேர்ந்திருக்கலாம். ஒருத்தனுக்கும் தோன்றவில்லை. தோன்றக்கூடிய ஒரே ஆளை அப்போதுதான் மண்ணுக்குள் வைத்துவிட்டு வந்திருந்தோம். அவர் எழுந்து உட்காராமல் இருந்ததே பெரிய விஷயம்.

அந்த வாரம் கூட்டம் போட்டோம். கிளப்பைக் கௌரவமாக மூடிவிடலாம், ஜாபர் பாய் நினைவாக ஒரு கோப்பைப் போட்டி நடத்தலாம், பெரிய பேனர் வைக்கலாம் என்றார்கள். எனக்கும் அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. முட்டி வலிக்கிறவனுக்கு மூடுவது எல்லாமே நல்ல யோசனைதான். சொல்லிவிட்டு வரலாம் என்று அவர் வீட்டுக்குப் போனேன். நூர்ஜஹான் புருஷனுக்காக இத்தா இருந்ததால், வேற்று ஆண் முகம் பார்க்காமல் கதவுக்கு அந்தப் பக்கமிருந்து பேசியது.

"கப்பு எதுக்குண்ணே? அந்த மனுஷன் உசுரோட இருந்தப்ப ஒரு கப்பக் கண்ணால பாத்ததில்ல. செத்தப்பறம் கப்பு வெச்சி என்ன பண்றது?"

"ஒரு மரியாதைக்கும்மா."

"என் பொண்ணு கல்யாணத்துல என்ன நிக்கவெச்சிட்டுப் போனாரு. எனக்கு மேலுக்கு முடியாதப்பவும் போனாரு. அதெல்லாம் இந்தக் கிளப்புக்குன்னு பொறுத்துக்கிட்டேன். இப்ப ஒரு வாரத்துல மூடறீங்கன்னா, அதெல்லாம் வெறும் ஊரு சுத்துனதுன்னு ஆயிடும்ண்ணே. வலைய இலியாசு வெளிய எடுத்து வெச்சிருக்கான். தூக்கிக்கிட்டுப் போங்க."

தூக்கினேன். கனம்.

ஞாயிறு காலை வீடு வீடாகப் போனேன். முதல் வீட்டில் பையனின் அம்மா கதவைப் பாதி திறந்து, "பாய் போயிட்டாரு, இனிமே ஞாயித்துக்கெழமயாவது இவன் தூங்குவான்னு இருந்தோம். இப்ப நீங்க கெளம்பிட்டீங்களா?" என்றார்கள். இரண்டாவது வீட்டில் ஆள் ஊரில் இல்லை என்றார்கள். கட்டிலுக்கடியில் கால் தெரிந்தது. காலைப் பிடித்து இழுத்தேன். மூன்றாவது வீட்டில் அவனே கிளம்பி பூட்ஸ் கட்டிக்கொண்டிருந்தான். எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. அதைக் காட்டிக்கொள்ளாமல் "லேட்டுடா" என்று திட்டினேன். எட்டுப் பேர் சிதம்பரம் பஸ்ஸில் ஏறினார்கள். தோற்றார்கள். லீக் பட்டியலில் கெடிலக்கரையின் பெயர், எல்லாருக்கும் கீழே, அப்படியே இருக்கிறது.

ஜாபர் மச்சானின் நினைவாக என்ன வைத்திருக்கிறீர்கள் என்று இதை எழுதச் சொன்னவர்கள் கேட்டார்கள். அவர் சட்டை, தொப்பி எதுவும் என்னிடம் இல்லை. என் தலையில் அவர் கட்டிவிட்டுப் போனது அவருடைய வெட்கங்கெட்ட தொல்லையைத்தான். முந்தாநாள் கடைத்தெருவில் என்னைப் பார்த்ததும் நமது லெப்ட் பேக் சட்டென்று மருந்துக் கடைக்குள் நுழைந்துகொண்டான். காய்ச்சல் மாத்திரை, இருமல் மருந்து என்று ஒவ்வொன்றாக விலை கேட்டுக்கொண்டிருந்தான். அவனுக்கு ஒரு வியாதியும் கிடையாது. எனக்குக் கடையில் ஆள் நிற்கிறார்கள், வெயில் மண்டையைப் பிளக்கிறது. அவன் வெளியே வரும்வரை அங்கேயே நின்றேன்.