வெங்கடம்மாளின் எதிர்ப்பாட்டு

துடியலூரில் பம்பு செட்டுப் பட்டறை வைத்திருந்த சீனிவாசலுவுக்குக் குடி, சீட்டு என்று எந்தக் கெட்ட பழக்கமும் கிடையாது. ஒன்றே ஒன்றுதான். எந்தப் பாட்டைக் கேட்டாலும் அது எந்தப் பழைய பாட்டின் ஜாடை என்று சொல்லாமல் அவருக்குத் தொண்டையில் சோறு இறங்காது. ரேடியோவில் புதுப்பாட்டு ஒன்று ஆரம்பித்து இரண்டு அடி நகர்வதற்குள், "இது அது" என்பார். அதோடு விட்டாலும் பரவாயில்லை. அந்தப் பழைய பாட்டைச் சென்னிமலைத் தேர்க்கூட்டத்தில் கேட்டபோது தன் புதுச் செருப்பு தொலைந்துபோன கதையையும் சொல்லி முடித்துவிட்டுத்தான் மோர் ஊற்றச் சொல்லுவார்.

அவரை மட்டும் குறை சொல்லி என்ன பிரயோசனம்? அந்தச் சந்தில் ஒருத்தருக்கும் பாட்டைப் பாட்டாகக் கேட்கத் தெரியாது. எதிர்வீட்டு நஞ்சம்மாளுக்கு ஒரு தாலாட்டுப் பாட்டு வந்தால் போதும், தன் மூத்த பிள்ளை பெரியாஸ்பத்திரியில் கொடி சுற்றிப் பிறந்ததை ஊருக்கே மறுபடி சொல்லி அழுவாள். பட்டறையில் லேத் ஓட்டிய யூனுஸுக்கு எந்தச் சோகப் பாட்டும் நின்றுபோன ஒரு நிச்சயதார்த்தம். பாடுகிறவன் பாட்டுக்குப் பாடிக்கொண்டிருப்பான், இவர்கள் அவரவர் மூட்டையை அவிழ்த்து வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்கள்.

சீனிவாசலுவின் மனைவி வெங்கடம்மாள் மட்டும் வாயைத் திறக்க மாட்டாள். அவளுக்கும் ஒரு மெட்டு இருந்தது. அந்த மெட்டின் சாயல் ரேடியோவில் வந்தால், கையில் மாவு இருந்தாலும் மசாலா இருந்தாலும் எழுந்துபோய் அதன் காதைத் திருகி நிறுத்திவிட்டுத்தான் மறுவேலை. ஏன் என்று சீனிவாசலு கேட்டதில்லை. ஊரிலுள்ள பாட்டுக்கெல்லாம் பூர்வீகம் சொல்லுகிற மனுஷன், சொந்த வீட்டில் அணைகிற பாட்டுக்குக் காரணம் கேட்கவில்லை. தெரிந்துதான் கேட்கவில்லை என்று நான் நினைக்கிறேன்.

வெங்கடம்மாள் சத்தியமங்கலத்துப் பக்கம் ஒரு சின்ன ஊரில், மழை பார்த்து விளைகிற மேட்டாங்காட்டை நம்பிப் பிழைத்த நாயுடு குடும்பத்தில் பிறந்தவள். வீட்டுக்குள் தெலுங்கு, வாசலைத் தாண்டினால் தமிழ். அவர்கள் கல்யாணத்தில் நலங்கு அன்றைக்கு இரண்டு வீட்டுப் பெண்களும் எதிரெதிரே உட்கார்ந்து ஒருவரையொருவர் ஏசிப் பாட வேண்டும். மாப்பிள்ளை வீட்டுக்காரி பெண் வீட்டை ஏசுவாள். பெண் வீட்டுக்காரி சும்மா இருக்கக் கூடாது, எதிர்ப்பாட்டுப் பாட வேண்டும். ஒருத்தி கடைசி அடியை முடித்ததும், எந்த வீட்டாராக இருந்தாலும் சுற்றியிருக்கிற அத்தனை பெண்களும் அந்த அடியை இரண்டு தடவை கைதட்டித் திருப்பிப் பாடுவார்கள். யார் ரோசப்படுகிறாளோ அவள் தோற்றாள். இப்படி ஒரு வழக்கத்தை எந்த மகராசி கண்டுபிடித்தாளோ, அவள் நாசமாய்ப் போக என்று வெங்கடம்மாள் மனசுக்குள் சபிக்காத நாளில்லை.

அவளுடைய நலங்கில் பாடியவள் சீனிவாசலுவின் அக்கா கொண்டம்மாள். நல்ல சாரீரம், அதைவிட நல்ல நாக்கு. முதலில் பெண்ணின் கறுப்பைப் பாடினாள். அடுத்து அவள் அப்பா ஓட்டிவந்த நொண்டி மாட்டைப் பாடினாள். எல்லாரும் சிரித்தார்கள், மணையில் உட்கார்ந்திருந்த வெங்கடம்மாளும் சிரித்தாள். மூன்றாவது அடியில் கொண்டம்மாள் சம்பந்தியம்மாளைப் பிடித்தாள். கழுத்துச் சங்கிலி இரவல் சங்கிலி, விடிந்தால் பக்கத்து வீட்டுக்கு நடந்துபோகிற சங்கிலி என்று பாடினாள்.

அது நிஜம். பக்கத்து வீட்டு மாசாணியம்மாளின் சங்கிலியைத்தான் வெங்கடம்மாளின் அம்மா போட்டுக்கொண்டு வந்திருந்தாள். பந்தலில் இருந்த பெண்களெல்லாம் கைதட்டி அதை இரண்டு தடவை பாடினார்கள். அம்மாவும் பாட்டுக்காரிதான், எத்தனையோ நலங்கில் மாப்பிள்ளை வீட்டாரை ஓட ஓட விரட்டியவள்தான். அன்றைக்கு வாய் கட்டிப்போயிற்று. சங்கிலியைக் கையால் மூடிக்கொண்டு எழுந்து, பாத்திரம் கழுவுகிற இடத்துக்குப் போனவள் திரும்பி வரவில்லை. அதற்கப்புறம் துடியலூர் வீட்டு வாசலை மிதிக்கவுமில்லை. மகளுக்குப் பிள்ளை பிறந்தபோதுகூட அப்பாவைத்தான் அனுப்பினாள். அந்தப் பிள்ளை ஜெகதீஷ் நடை பழகுவதற்குள் செத்துப்போனாள். மஞ்சள் காமாலை என்றார் டாக்டர். அவருக்கு என்ன தெரியும்? பாட்டுத்தான் கொன்றது என்று வெங்கடம்மாள் முடிவுகட்டிவிட்டாள். அன்று முதல், கொண்டம்மாள் பாடுகிற எந்தக் கல்யாணத்திலும் அவள் நலங்குக்கு உட்கார்ந்ததில்லை. சாப்பிட்டவுடன் தலைவலி என்று கிளம்பிவிடுவாள்.

பாவம் பண்ணினவளுக்குக் கூலி கிடைக்கவே செய்தது. கொண்டம்மாளின் புருஷன் மைசூர்ப் பக்கம் யாரோ ஒருத்தியோடு குடித்தனம் போய்விட்டான். ஒரு டிரங்குப் பெட்டியோடு தம்பி வீட்டுக்கு வந்தவள் பின்கட்டு அறையில் தங்கிவிட்டாள். கழுத்தில் தாலி, நெற்றியில் குங்குமம், ஆளை மட்டும் காணோம். அவனைப் பற்றி வீட்டில் யாரும் மூச்சு விடக் கூடாது என்பது சீனிவாசலுவின் கட்டளை. வெங்கடம்மாளும் விடவில்லை. இருபது வருடத்துக்கும் மேலாக அந்த நாத்தனாருக்கு வடித்துக் கொட்டினாள். இரண்டு பேரும் ஒரே சமையற்கட்டில் உப்பு, புளியைத் தவிர வேறு பேச்சு இல்லாமல் காலம் தள்ளினார்கள்.

ஆனால் கிரைண்டரைப் போட்டுவிட்டால் அந்த இரைச்சலுக்குள் வெங்கடம்மாள் பாடுவாள். அதே மெட்டு. அம்மா பாடாமல் விட்ட எதிர்ப்பாட்டு. ஓடிப்போன புருஷனை வைத்து அடி அடியாகக் கட்டினாள். சொல்லை மாற்றுவாள், இன்னும் கொஞ்சம் கூர்மையாக்குவாள், மாவு பொங்கிய பிறகும் ஆட்டிக்கொண்டிருப்பாள். நிஜமாகப் பாட வேண்டும் என்று அவள் நினைத்ததில்லை. வயிற்றெரிச்சலுக்கு அது ஒரு மருந்து, அவ்வளவுதான்.

அப்படியே போயிருக்கும். ஜெகதீஷுக்குக் கல்யாணம் நிச்சயமான வருடம் பார்த்து, எவனோ ஒரு சினிமாக்காரன் ஏறக்குறைய அதே மெட்டில் ஒரு குத்துப்பாட்டைப் போட்டுத் தொலைத்தான். காந்திபுரத்திலிருந்து வருகிற அத்தனை பிரைவேட் பஸ்ஸிலும் அதுதான். வெங்கடம்மாள் பாதி வழியில் இறங்கி வெயிலில் நடந்து வந்தாள். கொண்டம்மாளுக்கோ தலைகால் புரியவில்லை. அது தன் நலங்குப் பாட்டு, திருடிவிட்டார்கள் என்று சந்து முழுக்கச் சொல்லித் திரிந்தாள். கல்யாணத்துக்கு வரப்போகிற இளசுகள் எல்லாரும், நலங்கில் நீங்கள் அந்தப் பாட்டின் ஒரிஜினலைப் பாடியே ஆக வேண்டும் என்று அவளைப் பிடித்துக்கொண்டார்கள்.

வெங்கடம்மாள் புருஷனிடம் போனாள். கல்யாணமாகி அவள் அவரிடம் வாய்விட்டுக் கேட்டது குறைவு.

"ஏனுங்க, எம்பையன் நலங்குல அந்தப் பாட்டு மட்டும் வேண்டாமுங்க. வேற எத வேணும்னாலும் பாடட்டும். உங்கக்காகிட்டச் சொல்லிப்போடுங்க."

சீனிவாசலு ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். "அந்தக் காலத்துப் பாட்டு அம்மிணி. அதப் போயி இன்னும் மனசுல வெச்சுட்டு."

ஆக, அவருக்குத் தெரிந்திருந்தது. இத்தனை வருடமும் தெரிந்துதான் சென்னிமலைச் செருப்புக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார். அன்றைக்கு அவளுக்கு நாத்தனார்மேல் இருந்ததைவிடப் புருஷன்மேல் ஆத்திரம் அதிகமாக வந்தது.

நலங்கை வீட்டில்தான் வைத்தார்கள். பட்டறை முற்றத்தில் பந்தல், ஒறம்பரை, சொந்தபந்தம் நிறைந்து உட்கார இடமில்லை. ஒலிபெருக்கி கட்ட வந்த ரேடியோ செட்டுக்காரன் மைக்கை வேறு நடுவில் கட்டித் தொங்கவிட்டிருந்தான். மாப்பிள்ளையின் அம்மா தலைவலி என்று எழுந்து போக முடியுமா? புதுப்பெண் நாகமணியின் பக்கத்திலேயே உட்கார வைத்துவிட்டார்கள்.

கொண்டம்மாள் ஆரம்பித்ததும் இளசுகள் விசிலடித்தார்கள். அந்த வயதிலும் குரல் பிசிறவில்லை. பெண்ணின் உயரத்தைப் பாடினாள். பெண்ணின் அப்பாவுடைய ஓட்டை மொபெட்டைப் பாடினாள். மூன்றாவது அடியில் சம்பந்தியம்மாள் பக்கம் திரும்பினாள். இரவல் சங்கிலி, விடிந்தால் பக்கத்து வீட்டுக்கு நடந்துபோகிற சங்கிலி. எழுத்து மாறாமல் அதே அடி.

நாகமணியின் அம்மா கழுத்தில் கிடந்தது சொந்தச் சங்கிலி, அது ஊருக்கே தெரியும். அந்த அம்மாள் துளிக்கூடக் கோபப்படவில்லை. சங்கிலியைத் தூக்கி ஆட்டிக் காட்டி, இது இரவல் என்றால் உங்கள் மாப்பிள்ளையின் மீசையும் இரவல்தான் என்று அதே மெட்டில் ஒரு போடு போட்டாள். பந்தலே குலுங்கியது. கொண்டம்மாள்தான் எல்லாரையும்விட அதிகமாகச் சிரித்தாள்.

எல்லாருக்கும் பாடுகிற அடியா அது? போகிற வருகிற சம்பந்திக்கெல்லாம் எடுத்துப் போடுகிற பழைய சோறா? அதற்கா அம்மா வாயை மூடிக்கொண்டு செத்துப்போனாள்? வெங்கடம்மாளுக்கு அந்த இடத்தில் மனசு ஆறியிருக்க வேண்டும் என்று யாராவது சொன்னால் அவர்களுக்கு வெங்கடம்மாளைத் தெரியாது. வேண்டுமென்று செய்த பாவத்தை அவளால் இத்தனை வருடம் சுமக்க முடிந்தது. விளையாட்டுக்குச் செய்தது என்றதும் ஒரு நிமிஷம்கூடத் தாங்க முடியவில்லை.

மைக்கைத் தன் பக்கம் இழுத்தாள். மாப்பிள்ளையின் அம்மாவே பெண் வீட்டுக்காகப் பாடப் போகிறாள் என்று எல்லாரும் கைதட்டினார்கள். கிரைண்டர் இரைச்சலில் கட்டிய அத்தனை அடியும் சொல் பிசகாமல் வந்தது. மைசூர் பஸ் வந்தது, டிரங்குப் பெட்டி வந்தது, தம்பி வீட்டுச் சோறு வந்தது. கடைசி அடியில் குரலை உயர்த்தினாள்.

"தாலி கெடக்குது கழுத்துல, கட்டுனவன் கெடக்கறான் எவ ஊட்டுல?"

மாப்பிள்ளை வீட்டுப் பெண்களுக்கு வாய் அடைத்துவிட்டது. ஆனால் சத்தியமங்கலத்திலிருந்து வந்திருந்த பெண் வீட்டாருக்கு என்ன தெரியும்? முறைப்படி கைதட்டி அந்த அடியை எடுத்தார்கள். மாப்பிள்ளை வீடு அடங்கிவிட்டது, தோற்றுவிட்டார்கள் என்று நினைத்து இரண்டாவது தடவை இன்னும் பலமாகப் பாடினார்கள். ஒலிபெருக்கி அதை மேட்டுப்பாளையம் ரோடு வரைக்கும் கொண்டுபோயிற்று. சீனிவாசலு ஓடிவந்து மைக்கின் ஒயரைப் பிடுங்கினார்.

கொண்டம்மாள் எழுந்திருக்கவில்லை. குங்குமம் வேர்வையில் இறங்கியிருந்தது. பெண் வீட்டார் ஒவ்வொருவராகக் கையை மடியில் போட்டுக்கொண்ட பிறகு பேசினாள்.

"அந்தச் சங்கிலி அடிய நானு எல்லாச் சம்பந்திக்குந்தான் பாடுவேன். உங்கம்மாளும் பாட்டுக்காரியாச்சே, இந்தம்மாளாட்ட ஒண்ணத் திருப்பி உடுவாங்கன்னு நெனச்சுத்தான் பாடுனேன். நீ, எனக்குத் திருப்பிப் பாட ஒண்ணுமில்லைன்னு தெரிஞ்சு பாடிப்போட்டே."

வெங்கடம்மாள் பதிலுக்கு வாயைத் திறந்தாள். இத்தனை வருடம் கட்டிய பாட்டில் அதற்கு மேல் ஓர் அடியும் இல்லை. யாராவது ஏதாவது சொல்லுவார்களா என்று பந்தலைச் சுற்றிப் பார்த்தாள். மகன்கூட நிமிர்ந்து பார்க்கவில்லை.

நாகமணிதான் மணையிலிருந்து எழுந்தாள். கன்னத்து மஞ்சள்கூட இன்னும் காயவில்லை. கொண்டம்மாளிடம் போய்க் குனிந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

"உள்ள போலாம் வாங்க, பெரியத்தை" என்றாள். அந்த வீட்டில் அவள் பேசிய முதல் பேச்சு அது. கொண்டம்மாளை அணைத்தபடி கூட்டிக்கொண்டு நடந்தாள். போகிற வழியில், மாமியார்மேல் பட்டுவிடாதபடி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.