அத்தா பேசிய அரபி

நான் ஏழாம் வகுப்புக்குப் போன வருஷம் எங்கள் பள்ளியில் புதிதாக இரண்டு வகுப்புகள் தொடங்கினார்கள். ஒன்று அரபி, இன்னொன்று வாசிப்பு. இரண்டில் ஒன்றைத்தான் எடுக்க முடியும். அரபிக்குத் திருச்சியிலிருந்து ஒரு சார் வரப்போகிறார் என்றார்கள். வாசிப்புக்கு யாரும் வெளியிலிருந்து வரவில்லை, எங்கள் தமிழ் மிஸ்ஸேதான். அதனாலேயே அதற்கு மதிப்பில்லாமல் போயிற்று. எழுத்துக்கூட்டத் தெரியாத மக்குகளின் வகுப்பு என்று பையன்கள் முதல் நாளே பேர் வைத்துவிட்டார்கள்.

எனக்கு அந்தக் கவலை இல்லை. வகுப்பிலேயே வேகமாக வாசிப்பவள் நான்தான். சின்ன வயதிலிருந்து மதரஸாவில் ஓதிப் பழகிய வாய், எதைக் கொடுத்தாலும் கடகடவென்று ஓடும். தமிழ் மிஸ் ஒரு கதையின் முதல் பக்கத்தை வாசிக்கச் சொன்னபோதும் அப்படித்தான் ஓட்டினேன். முடித்துவிட்டு உட்காரப் போனவளை மிஸ் நிறுத்தினார்.

"அந்தப் பெரியவரு எதுக்கு ஊருக்குத் திரும்பி வந்தாரு?"

எந்தப் பெரியவர் என்றே எனக்குத் தெரியவில்லை. வகுப்பு சிரித்தது. மிஸ் சிரிக்காமல், "நீ என் வகுப்புக்கு வாம்மா, ஒனக்கு நல்லாருக்கும்" என்றார். காது இரண்டும் எரிந்தன. அரபிதான் என்று அந்த நிமிஷமே முடிவு செய்துவிட்டேன்.

அதற்கு இன்னொரு காரணமும் இருந்தது. அத்தா. அப்பாவை எங்கள் வீடுகளில் அப்படித்தான் கூப்பிடுவோம். அவர் சவூதியில் வேலை பார்த்தார். அவர் அரபி பேசுவார் என்பதில் இலுப்பூரில் எங்கள் தெருவுக்கே பெருமை. கல்யாண வீட்டில் மாமா எழுந்து நின்று, "மச்சான், அரபியில கொஞ்சம் எடுத்து விடுங்க, கேப்போம்" என்பார். அத்தா சிரித்துக்கொண்டே பந்தியில் தண்ணீர் ஊற்றப் போய்விடுவார். எவ்வளவு அடக்கம் என்று எல்லோரும் மெச்சுவார்கள். நானும் அரபி படித்துவிட்டால் போனில் நாங்கள் இரண்டு பேர் மட்டும் பேசிக்கொள்ளலாம். அம்மாவுக்குக்கூடப் புரியாது. நினைக்கவே தித்தித்தது.

அந்தச் சமயம் அத்தா லீவில் வந்திருந்தார். திரும்பிப் போக இன்னும் நாள் இருந்தது. வகுப்பைப் பற்றிச் சொன்னதும் அம்மா பூரித்துப்போனார். ஓதுவதற்கெல்லாம் அர்த்தம் விளங்கிவிடும் என்றார். அத்தா வேறு ஒன்றைக் கேட்டார்.

"அந்த வாசிப்பு வகுப்புல என்ன செய்வாங்களாம்?"

"கதை படிப்பாங்களாம். அப்புறம் அதைப் பத்திப் பேசுவாங்களாம்."

"அப்ப அதுலயே சேரு."

அம்மா விடவில்லை. "என்னங்க நீங்க? ஒங்க புள்ள ஒங்கள மாதிரி அரபி பேச வேணாமா?"

"என்னைய மாதிரி வேணாம்" என்று சொல்லிவிட்டு, அத்தா சட்டையை மாட்டிக்கொண்டு கடைத்தெருப் பக்கம் போய்விட்டார்.

அத்தாவுக்குப் பொறாமை என்று நினைத்தேன். என் ஸ்கெட்ச் பேனாக்களைத் தம்பிக்குக் காட்டாமல் நான் ஒளித்து வைப்பதில்லையா, அதுபோலத் தன் அரபியைத் தனக்கே வைத்துக்கொள்ளப் பார்க்கிறார்.

மறுநாள் மத்தியானம் எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். அத்தாவின் போன் அடித்தது. திரையைப் பார்த்ததும் அவர் சட்டென்று எழுந்து நின்றுவிட்டார். சோற்றுக் கையை ஒதுக்கிப் பிடித்தபடி இடது கையால் போனைக் காதில் வைத்தார். அந்தப் பக்கத்திலிருந்து ஒரு குரல் நிறுத்தாமல் பேசிக்கொண்டிருந்தது. இந்தப் பக்கம் அத்தா, "ஐவா... ஐவா... இன்ஷா அல்லாஹ்... ஐவா" என்றார். எனக்குத் தெரிந்த குரலே இல்லை அது. மெலிந்து, அவசரப்பட்டு, யாரோ ஒரு சின்னப் பையன் பேசுவதுபோல இருந்தது. மொழி மாறினால் குரல்கூட மாறிவிடுமா! எனக்கு ஒரே வியப்பு.

பேசி முடித்த பிறகும் அவர் உடனே உட்காரவில்லை. "யாருங்க, மொதலாளியா?" என்று அம்மா கேட்டார்.

"ம். லீவு போதுமாம். இந்த வாரமே வந்து சேரணுமாம்."

அம்மா ரசக் கரண்டியைச் சட்டியிலேயே போட்டுவிட்டார்.

அன்று சாயங்காலமே அத்தா அட்டைப்பெட்டி கட்ட உட்கார்ந்தார். ஊறுகாய், இட்லிப் பொடி, அறைத்தோழர்களின் வீடுகளிலிருந்து வந்த பொட்டலங்கள். நான் முடிச்சுக்கு விரல் கொடுத்துக்கொண்டு கேட்டேன்.

"அத்தா, வான்னு எப்படிச் சொல்றது?"

"தஆல்."

"போன்னு?"

"ரூஹ்."

"கொண்டான்னு?"

"ஜீப்."

ஜீப்பா! எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அத்தாவும் சிரித்துவிட்டார். ஆமாம் என்றால் ஐவா. தூக்கு என்றால் ஷீல். சீக்கிரம் என்றால் யல்லா. இல்லை என்றால் மாஃபி. முடிந்தது என்றால் கலாஸ். மடமடவென்று மனப்பாடம் ஆயிற்று.

"அப்ப நாங்க மதரஸாவுல ஓதுறது?"

"அது வேற தாயி, இது வேற."

"எனக்குப் பசிக்குதுன்னு எப்படிச் சொல்றது?"

அத்தா கயிற்றை இழுத்து இறுக்கினார். "அது தெரியலையே."

"கால் வலிக்குதுன்னு?"

"ம்ஹூம்."

"எம்புள்ளய மனசு தேடுதுன்னு?"

அவர் பெட்டியை மறுபக்கம் புரட்டிப் போட்டார். "அதெல்லாம் ரூமுல நம்ம ஆளுங்க இருக்காங்கள்ல, அவங்ககிட்ட தமிழ்லயே பேசிக்கிருவோம்."

"அரபிக்காரங்ககிட்ட?"

"அவங்க அதெல்லாம் கேக்க மாட்டாங்க தாயி. விரலை எடு, கயிறு நசுக்கிரும்."

இரண்டு நாளில் திருச்சி ஏர்போர்ட்டில் அவரை விட்டுவிட்டு வந்தோம்.  வண்டியில் நான், மிஸ் வாசிக்கச் சொன்ன கதைப் புத்தகத்தை எடுத்து அந்த முதல் பக்கத்தை மெதுவாக வாசித்தேன். பெரியவர் ஏன் திரும்பி வந்தார் என்று அதில் இல்லை. அப்படியென்றால் மிஸ்ஸுக்கு எப்படித் தெரியும்?

அடுத்த வாரம் வகுப்பாசிரியர் ஒவ்வொருவராக எழுப்பி, அரபியா வாசிப்பா என்று கேட்டார். என் முறை வந்ததும் "வாசிப்பு" என்றேன். பக்கத்தில் இருந்த தோழி என்னைக் கிள்ளினாள்.

சாயங்காலம் போனில் சொன்னபோது அத்தாவுக்கு நம்ப முடியவில்லை. "எப்படி மனசு மாறுச்சு?"

"ஒங்க அரபியில வார்த்தையே கொஞ்சம்தான் இருக்கு அத்தா. அதுக்குப் போய் ஒரு வருஷம் எதுக்கு?"

அத்தா சிரிக்கத் தொடங்கினார். சிரிப்பு பாதியில் நின்றது. சிக்னல் போய்விட்டது என்று நினைத்து, "ஹலோ, ஹலோ" என்று கத்தினேன்.

நான் சொன்னது எனக்கு முழு உண்மை. அரபி சின்ன மொழி. பசித்தால், கால் வலித்தால், பிள்ளையை மனசு தேடினால் சொல்வதற்கு அதில் ஒரு சொல்கூட இல்லை. அந்த ஊர்க்காரர்களை நினைத்து எனக்குக் கொஞ்ச நாள் பாவமாக இருந்தது.