சல்மி மரத்துத் தண்ணீர்

என் மச்சான் சுவைலிமுக்கு வாய் நீளம். சினாய்ப் பாலையில் இருபது வருடமாக வழிகாட்டி. கூட்டிப்போன விருந்தாளி ஒருவருக்குக்கூட முள் தைத்ததில்லை. வாயால்தான் கெட்டான். போன வசந்தத்தில் அவனுடைய ஒட்டகக் குட்டி காணாமல் போனபோது, பெரியவர்கள் கூடியிருந்த கூடாரத்தில் வைத்துத் தன் பால்ய சிநேகிதன் சல்மியைத் திருடன் என்று சொல்லிவிட்டான். குட்டி மூன்றாம் நாள் தானே திரும்பி வந்தது. மன்னிப்புக் கேள் என்று தலைப்பாடாக அடித்துக்கொண்டேன். கேட்டால்தானே!

ஜூன் மாதம், போலந்திலிருந்து வந்த பொஷேனா என்ற அறுபது வயது அம்மாளை ஜீப்பில் கூட்டிக்கொண்டு கிளம்பினோம். மூன்றாம் நாள் மலை இடுக்கின் மேல்வாயில் இறங்கி நாங்கள் மூவரும் நடந்தோம். டிரைவர் ஜீப்பைச் சுற்றிக்கொண்டு கீழ்வாய்க்கு வர வேண்டும். ஆளுக்கு ஒரு பாட்டில் தண்ணீர்தான் எடுத்தோம். கீழ்வாயில் ஒரு வேலமரத்தில் சுவைலிம் முந்தின வாரமே இரண்டு கேன் தண்ணீரைத் தொங்கவிட்டிருந்தான். மரத்தில் தொங்கும் அடுத்தவன் பொருளை எங்கள் பாலை ஜனங்களில் யாரும் தொடுவதில்லை.

நான்கு மணி நேரம் நடந்து, பாட்டில்கள் காலியாகி வெளியே வந்தோம். ஜீப் இல்லை. மரத்தில் வெட்டிய கயிறு மட்டும் ஆடியது. பாலையைச் சுத்தம் செய்கிறோம் என்று வந்த நகரத்துக் கூட்டம் ஒன்று கேன்களையும் குப்பை என்று அள்ளிப் போயிருந்தது பிறகுதான் தெரிந்தது. புண்ணியவான்கள்!

உச்சி வெயில். பொஷேனாவுக்கு வியர்வை நின்றுபோனது, பேச்சு குழறியது. அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டேன். நூறடி தள்ளி இன்னொரு மரத்தில், அந்தக் கூட்டத்தின் கண்ணில் படாத கிளை மறைவில், ஒரு சாக்கும் ஒரு கேனும் தொங்கின. சாக்கில் சல்மி தன் ஒட்டகங்களுக்குப் போடும் சூட்டுக்குறி வரைந்திருந்தது.

"போய் எடு மச்சான்."

"அவன் தண்ணியையா? நாளைக்கு ஊரைக் கூட்டி என்னைத் திருடன்னு சொல்ல மாட்டானா?"

"உயிர் போற நேரத்துல எடுத்தா குத்தமில்ல. கீழே உன் குறியைப் போட்டுட்டு எடு. உனக்குத் தெரியாததா?"

போனான். மரத்தடியில் நின்றான். திரும்பி வந்தான். மறுபடி போய், மறுபடி வந்தான். நானே எழுந்து போயிருக்கலாம். அவனுடைய விருந்தாளிதானே என்று உட்கார்ந்திருந்தேன். இன்றைக்கும் அது உறுத்துகிறது.

பொஷேனாவின் கண் மேலே செருகியது. சுவைலிம் ஓடினான்.

முகத்தையும் கழுத்தையும் நனைத்தோம், சொட்டுச் சொட்டாகப் புகட்டினோம். வெகுநேரம் கழித்து அவள் என் விரலை இறுக்கினாள். உயிர் திரும்பியது அவளுக்கு மட்டுமல்ல. சுவைலிம் மரத்தடி மணலில் தன் குறியை விரலால் வரைந்து வைத்தான்.

வெயில் சாயும்போது சல்மி ஒட்டகத்தில் வந்தான். மணலில் புதைந்த ஜீப்பைப் பார்த்துவிட்டு, டிரைவர் சொல்லித்தான் வந்திருக்கிறான். நேரே தன் மரத்தடிக்குப் போய்த் தரையையே பார்த்துக்கொண்டு நின்றான். கை கலந்துவிடுவார்களோ என்று எனக்குப் பயம்.

"வந்திருக்கே, திரும்பிப் போயிருக்கே. மறுபடி வந்து, மறுபடி போயிருக்கே. மூணாவது தடவைதான் ஓடி வந்திருக்கே. இல்லியா?"

காலடி பார்ப்பதில் சல்மியை ஏமாற்ற முடியாது.

"ஆமா" என்றான் சுவைலிம்.

"திருடன்னு சொன்னே, பொறுத்துக்கிட்டேன். சாகக் கிடக்கிறவளுக்கு ஒரு வாய் தண்ணி தர மாட்டான்னு என்னை நெனச்சிட்டியேடா!" சல்மியின் குரல் உடைந்தது.

சுவைலிம் அப்படியே மணலில் உட்கார்ந்து அழுதான். சல்மி அவனைத் திரும்பிப் பார்க்கவில்லை. ஒட்டகத்தை மண்டியிட வைத்துவிட்டு, "அந்த அம்மாவைத் தூக்க ஒரு ஆள் வாங்க" என்று என்னைக் கூப்பிட்டான்.