மஞ்சள் துணியில் முடிந்த காசு

ரேடியத்தைக் கண்டுபிடித்த பெண்ணின் முகம் பதித்த காசுகள் என்னிடம் மூன்று இருந்தன. மூன்றும் ஒரே அச்சு, போலந்துக் காசு. கொழும்புத் துறைமுகத்தில் வேலைபார்த்த அண்ணா, அந்த நாட்டு மாலுமிகளிடம் சிகரெட் கொடுத்து மாற்றிக்கொண்டு வருவார். ஒரே காசில் மூன்று எதற்கு என்று கேட்காத ஆளில்லை. எங்கள் ஊர் கண்டாவளையில் சாமிப்படத்தை ஒன்றோடு நிறுத்திக்கொண்ட வீடு எது என்று நான் திருப்பிக் கேட்பேன்.

விஞ்ஞானம் படிப்பிக்க வேண்டும் என்பதுதான் என் ஒரே ஆசை. ஆசிரியப் பயிற்சிக் கல்லூரிக்கு விண்ணப்பம் போட்டிருந்தேன். அம்மாவோ யாழ்ப்பாணத்தில் எனக்கு ஒரு சம்பந்தம் பேசிக்கொண்டிருந்தா.

ஒருநாள், காசுகளைப் போட்டுவைத்த தகரப் பேணியைத் திறந்தால் இரண்டு காசுதான் கிடந்தது. மற்றது சாமி அறையில், மஞ்சள் துணியில் முடிந்து, அம்மாளாச்சி படத்தில் தொங்கியது. என் கலியாணம் சரிவர அம்மா வைத்த நேர்த்திக்கடன். பளபளவென்று இருந்ததால் எடுத்தாவாம். எனக்கு வந்ததே கோபம். நின்ற இடத்திலேயே முடிச்சை அவிழ்த்தேன்.

நேர்ந்த காசைத் தொடக்கூடாது என்று அம்மா பதறினா. அப்போதுதான் அது யாருடைய முகம் என்று சொன்னேன். கணவர் வண்டியில் அடிபட்டுச் செத்த பிறகு, அவர் படிப்பித்த இடத்திலேயே நின்று படிப்பித்து, இரண்டு பெண்பிள்ளைகளையும் வளர்த்தவ என்றேன். அம்மா அப்படியே கதிரையில் இருந்துவிட்டா.

"தாலியறுத்தவளின்ர முகத்தையோடி உன்ர கலியாணத்துக்கு முடிஞ்சு வைச்சனான்? மூண்டையும் கொண்டுபோய்க் குளத்தில போடு."

"அவா போனா நானும் இந்த வீட்டை விட்டுப் போவன், அம்மா."

அம்மாவின் கண்ணுக்கு முன்னாலேயே ஒரு இலங்கை ரூபாயை அதே துணியில் முடிந்தேன். கல்லூரிக் கடிதம் வந்தால் பொங்குகிறேன் என்று உரக்கச் சொல்லி நேர்ந்தேன். 

சம்பந்தம் குழம்பியது. சீதனக் காணி போதாதாம். நேர்த்தியை அவிழ்த்த பாவம் என்று ஊர் சொன்னது. சொன்னால் சொல்லட்டும் என்று நான் களை பிடுங்கப் போனேன். அறுவடைக்கு முன் கடிதம் வந்தது.

நேர்த்தி தீர்க்காமல் கிடந்தால் தெய்வக் குற்றம் என்று அவசரப்பட்டது அம்மாதான். கோயில் வீதியில் பொங்கிக்கொண்டு நின்றபோது பக்கத்துக் காணிக்காரி வந்து, மகளின் கலியாணம் சரிவந்துவிட்டதோ என்று சிரித்தபடி கேட்டா. நான் வாயைத் திறக்க முன்னம் அம்மா அகப்பையோடு நிமிர்ந்தா.

"கலியாணத்துக்கு ஆர் நேர்ந்தது? என்ர பிள்ளை விஞ்ஞானம் படிப்பிக்கப் போறாள். அதுக்குத்தான் பொங்கிறம்."