அடுப்பு மூட்டாத மூன்று நாள்

சிங்கப்பூர் மார்சிலிங்கில் எங்கள் அடுக்குமாடி புளோக்கின் ஒன்பதாம் மாடியில் நடந்தால், யார் வீட்டில் என்ன சமையல் என்று மூக்கே சொல்லிவிடும். யார் வீட்டில் சாவு என்பதை மட்டும் எதுவும் சொல்லாது. வியாழக்கிழமை என் அக்கா செத்துப்போனாள். தாய்க்குத் தாயாக என்னை வளர்த்தவள். பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்கக் கொடுத்திருந்ததால் நான் போக முடியவில்லை. விடுமுறைக்கு ஊருக்குப் போயிருந்த என் மனைவி போனைத் தூக்கிப் பிடிக்க, அடக்கத்தைக் கையகலத் திரையில் பார்த்தேன். பிறகு அடுப்பை மூட்டாமல், வாசல் கதவைத் திறந்து வைத்துவிட்டு உட்கார்ந்தேன். யாராவது சோறு கொண்டுவருவார்களாம்! என்ன மடத்தனம்.

எங்கள் தேரிக்காட்டு ஊரில் துக்க வீட்டில் மூன்று நாளைக்கு அடுப்பு எரியாது. அக்கம்பக்கத்தார்தான் சமைத்துக் கொண்டுவந்து, கையைப் பிடித்துச் சாப்பிட வைப்பார்கள். அம்மா செத்தபோது எதிர்வீட்டு மேரி சித்தி கொண்டுவந்த சோற்றை அக்காவும் நானும் ஒரே தட்டில் அழுதுகொண்டே தின்றோம்.

உட்காரவும் முடியாமல் நிற்கவும் முடியாமல் பழைய ஏற்பாட்டைப் புரட்டினேன். எபிரேயர்கள் தனியாக அழுததே இல்லை போல. உடுப்பைக் கிழித்து, தலையில் சாம்பல் போட்டு, கூட்டமாகத் தரையில் உட்காருகிறார்கள். புலம்பத் தெரிந்த பெண்களைக் கூப்பிட்டு அனுப்புகிறார்கள். மனைவி சாகப்போகும் ஒரு தீர்க்கதரிசிக்கு மட்டும் கட்டளை வருகிறது: அழக் கூடாது, மற்றவர்கள் தரும் அப்பத்தையும் தின்னக் கூடாது. சின்ன வயதில், அழக் கூடாது என்றதுதான் கொடுமை என்று நினைத்தேன். அப்பத்தைத் தடுத்ததுதான் பெரிய கொடுமை என்று இப்போது தெரிகிறது.

ஜாலான் புசாரில் ஒரு மாடியறையில் கூடும் எங்கள் ஜெபக்குழுவுக்குச் செய்தி அனுப்பியிருந்தேன். "ஸ்ட்ராங்கா இருங்க பிரதர், பிரே பண்றோம்" என்று வரிசையாகக் கும்பிட்ட கைகள் வந்தன. ஒரு கையிலாவது தூக்குவாளி இருக்கக் கூடாதா? எனக்குக் கோபம் கோபமாக வந்தது. சனிக்கிழமை காலை ரயிலேறி லிட்டில் இந்தியா போனேன். சிராங்கூன் ரோட்டில் மூன்று சாப்பாட்டுக் கடை வாசல் வரை போய்த் திரும்பினேன். பசி குடலைப் பிடுங்கியது. காசு கொடுத்து வாங்கினால் அது துக்கச் சோறாகுமா?

வீடு திரும்பிக் கதவைத் திறந்து வைத்த கொஞ்ச நேரத்தில் பக்கத்து வீட்டுச் சீன ஆன்ட்டி எட்டிப் பார்த்தார்.

"டூ டேஸ் நோ கறி ஸ்மெல். யுவர் ஸ்டவ் ஸ்பாய்ல் ஆ?"

நான் பதில் சொல்வதற்குள் விறுவிறுவென்று சமையலறைக்குள் போய்த் திருகிவிட்டார். குப்பென்று நீலமாகப் பற்றிக்கொண்டது.

"ஓக்கே வாட்! நாட் ஸ்பாய்ல் லா!"

அக்கா செத்த வீட்டில் அடுப்பு எரிகிறது. எனக்குத் தாங்கவில்லை. "மை சிஸ்டர்… மை சிஸ்டர் டை, ஆன்ட்டி" என்று சுவரில் சாய்ந்து ஓவென்று அழுதேன். மூன்று நாளில் அதுதான் முதல் அழுகை.

அவர் என்னைப் பார்த்தார், அடுப்பைப் பார்த்தார். உடனே அதைத் திருகி அணைத்தார். போய் ஒரு கிண்ணம் அரிசிக் கஞ்சியோடு வந்து, "ஈட் ஃபர்ஸ்ட்" என்று கையில் திணித்தார். நான் முடிக்கும்வரை நகரவில்லை.

சாயங்காலம் மனைவி போன் செய்தாள். "இங்க மூணாம் நாள் ஜெபம் முடிஞ்சு அடுப்பு பத்த வச்சாச்சுங்க. நீங்க?"

"இங்க இன்னிக்குத்தான் அணைச்சிருக்கு" என்றேன்.